காசிநாதனின் வலது கண்

காசிநாதனுக்கு இடது கண் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அவன் யாரிடமும் சொல்ல மாட்டான். இரும்பு தேய்க்கிற கிரைண்டர் சக்கரம் உடைந்து, அதன் சில்லு ஒன்று வந்து செருகியதில் போன கண் அது. அப்போது கல்யாணமான புதிது. பட்டறைச் சுவரில் ஆணியடித்து ஒரு பாதுகாப்புக் கண்ணாடி தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை எடுத்துத் தூசி தட்டி மாட்டிக்கொள்ள யாருக்குப் பொறுமை இருந்தது? காசிநாதனோடு சேர்ந்து வெறும் கண்ணோடு கிரைண்டர் பிடித்தவர்களுக்கெல்லாம் இரண்டு கண்ணும் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. இவனுக்குத்தான் போயிற்று. இந்த விஷயத்தில் நியாயத்தைத் தேடிப் பயனில்லை.

மிச்சமிருந்த வலது கண்ணை வைத்துக்கொண்டு மறுபடியும் அதே புதுப்பட்டினம் பட்டறைக்கே வேலைக்குப் போனான். அந்தக் கண்ணால்தான் மகள் திவ்யாவை வளர்த்து மதுராந்தகம் பக்கம் கட்டிக்கொடுத்தான். திருக்கழுக்குன்றத்துக்கு அடுத்த கிராமத்தில் அப்பா விட்டுப்போன ஓட்டு வீட்டைத் தளம் போட்ட வீடாக்கினான். பங்காளிகள் நிலத்தை விட்டுவிட்டு லாரி, கடை, கம்பெனி என்று போனபோது இவன் இரும்புக்குப் போனவன். போன இடத்தில் நல்ல பேர் எடுத்தான். ஆனால் ஒரு பயம் மட்டும் அவனை விட்டுப் போகவே இல்லை. இந்த ஒரு கண்ணும் போனால் எல்லாம் போயிற்று. வேறு தொழில் தெரியாது, வேறு கண்ணும் கிடையாது.

ஒற்றைக் கண்ணால் வெல்டிங் வைப்பது எவ்வளவு பேஜாரான வேலை என்பது இரண்டு கண் இருப்பவர்களுக்குப் புரியாது. கையில் பிடிக்கிற பழைய தடுப்பில் கறுப்புக் கண்ணாடி இருக்கும். பொறி பிடிக்கும்வரை அதன் வழியே ஒன்றுமே தெரியாது. குத்துமதிப்பாகத்தான் முதல் பொறியைப் போட வேண்டும். ஒரு கண்ணுக்குத் தூரம் பிடிபடுவதில்லை. பொறி கொஞ்சம் தள்ளி விழும், பளபளவென்று இருக்கிற குழாயில் தழும்பு விழும், பட்டறை முதலாளி ரவிச்சந்திரன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதனால் காசிநாதன் தடுப்பை விலக்கிவிட்டு இடத்தை நன்றாகப் பார்த்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பொறியை மூட்டுவான். மூடக் கொஞ்சம் தாமதமானால் தீர்ந்தது கதை. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கண்ணுக்குள் ஒரு கைப்பிடி மணலைக் கொட்டின மாதிரி உறுத்த ஆரம்பிக்கும். கண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டும். மனைவி ரேணுகா உருளைக்கிழங்கைச் சீவி மூடின கண்மேல் வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து அவன் வம்சத்தையே திட்டித் தீர்ப்பாள்.

வெல்டர்கள் கண்ணை இந்த மணலை வைத்துத்தான் எடை போடுவார்கள். சாயங்காலம் மணல் கொட்டினால் வெளிச்சம் கண்ணில் அடித்துவிட்டது. கொட்டவில்லையா, கண் தப்பித்தது. எந்தப் பட்டறையில் போய்க் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், சத்தியம் செய்தும் கொடுப்பார்கள். காசிநாதனும் இதை முழுசாக நம்பினான்.

ரேணுகா சத்தமாகப் பேசுகிறவள். திருக்கழுக்குன்றம் மலைக்கோயில் வேதகிரீஸ்வரரிடமும் அதே சத்தம்தான். "ஒரு கண்ணு போனப்பவே அந்த வேதகிரியான நேருக்கு நேரா கேட்டுட்டேன், இன்னா நீ பாத்துக்கினு இருந்தேன்னு. இன்னொண்ணும் போச்சி, அப்பறம் கீது அவருக்கு" என்பாள். ஒரு முறை மணல் ரொம்பவும் கொட்டி, இரண்டு நாள் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. கண் தெளிந்ததும் அவனைச் செங்கல்பட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே வெல்டிங் சாமான் விற்கிற கடையில் நின்று, "தானா கறுக்கிற மாஸ்க் கீதாமே, அத எடுங்க" என்றாள்.

கடைக்காரர் நல்ல மனுஷர். ஹெல்மெட்டை எடுத்துக் காசிநாதன் தலையில் மாட்டிவிட்டு, முகத்துக்கு நேரே லைட்டரைப் பற்றவைத்தார். பச்சையாகத் தெரிந்த கடை சட்டென்று கறுத்து, லைட்டர் அணைந்ததும் திரும்பப் பச்சையாயிற்று. இனிமேல் இடத்தைப் பார்த்துக்கொண்டே பொறி போடலாம், கண்ணை மூட வேண்டியதில்லை. காசிநாதன் லைட்டரை இன்னொரு முறை பற்றவைக்கச் சொல்லிப் பார்த்தான்.

"இதோ, கண்ணாடிக்கு மேல நெத்தி மாதிரி பட்டையா கீதே, அதுல கடுகாட்டம் ரெண்டு தெரியுதா?" என்றார் கடைக்காரர். "வெல்டிங் வெளிச்சத்தப் பாக்கறது அதுதான். அது பாத்தாத்தான் கண்ணாடி கறுக்கும். அத மறைக்கக் கூடாது, அழுக்கு சேர உடக் கூடாது. டெய்லி வேலைக்கு முன்னால லைட்டர் அடிச்சிப் பாத்துக்கங்க. ஆர்கான் வெல்டிங்ல சின்னதா வேல செஞ்சா இன்னும் உஷாரா இருங்க, அந்த வெளிச்சம் அதுக்குச் சீக்கிரம் தெரியாது."

காசிநாதன் தலையாட்டினான். ரேணுகா அந்தப் பக்கம் நின்று கடைப் பையனிடம் விலையைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் சொன்னது அவள் காதில் விழவில்லை.

கொஞ்ச நாள் அவன் லைட்டர் அடித்துப் பார்த்துத்தான் வேலையை ஆரம்பித்தான். நாள் தவறாமல் அது கறுத்தது. நாள் தவறாமல் கறுக்கிற ஒன்றை எத்தனை நாள் சோதிப்பது? மெல்ல அந்தப் பழக்கம் நின்றுபோனது. ஹெல்மெட்டை மட்டும் அவன் பட்டறையில் விட்டு வருவதில்லை, யாருக்கும் இரவல் கொடுப்பதுமில்லை. பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவான். மணல் கொட்டுவது அடியோடு நின்றது. ரேணுகா அந்த ஹெல்மெட்டை வீட்டில் இன்னொரு ஆள் மாதிரியே நடத்தினாள். அதை யாரும் தரையில் வைக்கக் கூடாது.

ஆயுத பூஜை வந்தது. தையல் மெஷின், அரிவாள்மனை, பைக், மண்வெட்டி என்று எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தாள். ஹெல்மெட்டை நடுவில் ஒரு மணைப்பலகைமேல் வைத்தாள். மற்ற சாமான்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் என்று ஒரு பொட்டோடு சரி. ஹெல்மெட்டுக்கு மட்டும் மலைக்கோயில் விபூதியைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, மூன்று விரலால், கண்ணாடிக்கு மேலே அந்த நெற்றியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பட்டையாக இழுத்தாள். ஈரத்தில் மங்கலாகத் தெரிந்த பட்டை காயக் காயச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்தது.

"இன்னாடி, மாஸ்க்க சாமியாரு ஆக்கிட்ட?" என்றான் காசிநாதன்.

"சும்மா கெட. உன் கண்ண இதுதான காப்பாத்துது? அதுக்குத்தான் நல்லா தெரியற மாதிரி போட்டேன்."

கடுகு மாதிரி இருந்த அந்த இரண்டும் விபூதிக்கு அடியில் போய்விட்டன. அவன் பக்கத்தில்தான் நின்றான், பார்த்துக்கொண்டும் இருந்தான். கற்பூரம் காட்டினார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டான். கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வரவேயில்லை.

வந்திருந்தாலும் துடைத்திருப்பானா என்பது சந்தேகம்தான். நம் ஊரில் பூஜையில் வைத்த பொட்டை யார் துடைக்கிறார்கள்? பஸ் முகப்பில் அப்பின சந்தனம் மழையில் கரையும்வரை அப்படியே இருக்கும். லேத்து மெஷினில் வைத்த குங்குமம் அடுத்த வருஷம் புதுக் குங்குமம் வரும்வரை அங்கேயே காயும். அது தானாகப் போக வேண்டும். கையால் துடைத்தால் நெஞ்சு படபடக்கும், அன்றைக்கு விரல் நசுங்கினாலும் அதனால்தான் என்று தோன்றும்.

பூஜை முடிந்த கையோடு ரவிச்சந்திரனுக்குப் பெரிய வேலை ஒன்று வந்திருந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலைப் பார்த்துக் கட்டின ஒரு விடுதிக்கு மாடிமாடியாகக் கைப்பிடி போடும் வேலை. உப்புக்காற்றில் சாதா இரும்பு நிற்காது என்று எல்லாம் எவர்சில்வர் குழாய். எவர்சில்வருக்கு ஆர்கான் வெல்டிங். சின்னப் பொறி, சத்தமில்லாத நெருப்பு, கை சுத்தமாக இருக்க வேண்டிய வேலை. ரவிச்சந்திரன் யோசிக்காமல் காசிநாதனைத்தான் அனுப்பினார். கூட மாட இருக்க மோகனையும் அனுப்பினார். மோகன் அதே பட்டறையில் வேலை செய்கிறவன், வயதில் இளையவன், வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

பட்டறையில் கேட் வேலை செய்யும்போது ஹெல்மெட் வழக்கம்போலவே கறுத்தது. கேட்டுக்குப் போடுகிற ராடு வெல்டிங்கின் முரட்டு வெளிச்சம் விபூதியைத் துளைத்துக்கொண்டு அந்தக் கடுகுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆர்கானின் சின்ன வெளிச்சம் போய்ச் சேரவில்லை. விடுதி மாடியில் அது சில சமயம் கறுத்தது, சில சமயம் பாதியில் விட்டுவிட்டது, பல சமயம் கறுக்கவே இல்லை. கடற்கரை வெயில் ஏற்கெனவே கண்ணைக் கூச வைத்துக்கொண்டிருந்ததால் அந்தக் கூச்சத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டது. முதல் நாள் காசிநாதனுக்குக் கண் கூசியது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று தெரிந்தது. உருகும் உலோகம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. குழாயின் ஓரம், கம்பி கரைகிற இடம், எல்லாம் இரண்டு கண்ணும் இருந்த காலத்தில் தெரிந்த மாதிரி தெரிந்தது.

"இன்னா அண்ணாத்த, ஜாயிண்டு ஒவ்வொண்ணும் கண்ணாடியாட்டம் கீது!" என்றான் மோகன்.

"பூஜ நல்லா நடந்துச்சி, அதான்" என்றான் காசிநாதன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவன் மணலுக்காகக் காத்திருந்தான். மணல் கொட்டவில்லை. அடுத்த நாளும் கொட்டவில்லை. பிறகு அவன் காத்திருக்கவில்லை.

கைப்பிடி வேலை இரண்டாவது மாடிக்கு ஏறியபோதுதான் அது ஆரம்பித்தது. சாயங்காலம் ஈ.சி.ஆரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான். பஸ் வந்தது. முகப்பு தெரிந்தது, டிரைவர் தெரிந்தார், கூரைமேல் கட்டின சைக்கிள்கூடத் தெரிந்தது. ஊர்ப்பெயரைப் படிக்கப் பார்த்தால் அங்கே மட்டும் அழுக்குத் துணியால் தேய்த்த மாதிரி ஒரு சாம்பல் கறை. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தான். கறை போகவில்லை. பார்வையைத் திருப்பின பக்கமெல்லாம் அதுவும் திரும்பியது. எதைப் பார்க்க நினைக்கிறானோ அதன்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. கண்டக்டர் ஊர்ப்பெயரைக் கத்திய பிறகுதான் ஏறினான்.

பயத்தில் வழியெல்லாம் கண்ணை மூடி மூடித் திறந்து பார்த்தான். ஆனால் வலி இல்லை, உறுத்தல் இல்லை, மணல் இல்லை. அசதியாக இருக்கும், சர்க்கரையாக இருக்கும், வயசாகிறது என்று தனக்குத்தானே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டான். ரேணுகாவிடம், "கண்ணு கொஞ்சம் மங்கலா கீது" என்று மட்டும் சொன்னான்.

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். மறுநாள் விடிந்ததும் மலைக்கோயிலுக்குப் போய்ப் படியேறி விபூதி வாங்கி வந்து, ஹெல்மெட்டின் நெற்றியில் பழைய பட்டைமேலேயே புதிதாக இன்னொரு பட்டை இழுத்தாள். அதற்குப் பிறகு தினமும் அவன் கிளம்புமுன் அதைச் செய்தாள். அவன் கண் எவ்வளவு மங்கியதோ, அவள் அவ்வளவு கனமாக விபூதியைக் குழைத்தாள். இதில் அவளை என்ன சொல்ல முடியும்? அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான், அதை அவள் மனசாரச் செய்தாள்.

உண்மையை உடைத்தவன் மோகன். அவனுடைய தடுப்புக் கண்ணாடி மாடியிலிருந்து விழுந்து உடைந்துபோனது. "ரெண்டே ரெண்டு எடத்துல ஒட்டணும் அண்ணாத்த, உன் மாஸ்க்க குடு" என்று கெஞ்சினான். காசிநாதன் அரை மனதோடு கொடுத்தான். மோகன் மாட்டிக்கொண்டு குழாயில் பொறியைப் போட்டான். போட்ட வேகத்தில் அலறிக்கொண்டு கையிலிருந்த வெல்டிங் டார்ச்சைத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பினான்.

"அய்யோ! இன்னா அண்ணாத்த இது, கறுக்கவே இல்ல?"

"கறுக்கும். நீ சரியா மாட்டல."

மோகன் ஹெல்மெட்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தான். விபூதிப் பட்டையை நகத்தால் சுரண்டினான். அது செதில் செதிலாக உதிர்ந்தது. அடியிலிருந்து அந்த இரண்டு கடுகும் வெளியே வந்தன. சட்டை நுனியால் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டு பொறியைப் போட்டான். இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. நிதானமாக ஒரு சின்ன ஒட்டு வைத்துவிட்டு ஹெல்மெட்டைத் தூக்கினான்.

"இப்ப கறுக்குது. இந்த மண்ணாங்கட்டிதான் சென்சார அடச்சிகினு இருந்துச்சி. எவன் அண்ணாத்த இதுமேல பட்ட போட்டது? அறிவு வேணாம்?"

காசிநாதன் கீழே கொட்டிக் கிடந்த குழாய்த்துண்டு ஒன்றின்மேல் உட்கார்ந்தான். கடைக்காரர் லைட்டரோடு நின்றது, ரேணுகா மூன்று விரலால் இழுத்தது, உலோகம் தெளிவாகத் தெரிந்ததில் அவன் பூரித்துப்போனது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கொஞ்ச நேரம் கழித்து மோகனைக் கூப்பிட்டு, "இத யாருகிட்டயும் சொல்லாத. என் வூட்டுக்காரி காதுல உழுந்துச்சி, உன்ன நான் சும்மா உட மாட்டேன்" என்றான். மோகனுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அவன் வாழ்க்கையில் முதல் முறையாக வாயை மூடிக்கொண்டான்.

வீட்டில் பட்டறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினான். கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, உட்கார வைத்து, கூப்பிட்டு, இருட்டறையில் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள். டாக்டரம்மாவுக்குச் சின்ன வயதுதான். அவன் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"வலி இருந்துச்சா?"

"இல்லம்மா. ஒரு நாள்கூட மணல் கொட்டல. அதனாலதான் நான் ஒண்ணும் ஆவாதுன்னு இருந்துட்டேன்."

"அந்தக் கண்ணாடி கறுத்தாலும் கறுக்காட்டாலும், கண்ணுல மணல் கொட்டற அந்தக் கதிர எப்பவும் தடுத்துடும். அதனாலதான் உங்களுக்கு உறுத்தல. ஆனா வெளிச்சத்தத் தடுக்கறதுக்கு அது கறுக்கணும். கறுக்காததால வெளிச்சம் நேரா உள்ள போயி பின்பக்கத்துல நடு இடத்தச் சுட்டுடுச்சு. அங்க வலி தெரியாது. நீங்க வலி வரும்னு காத்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

"திரும்புமா?"

டாக்டர் கையிலிருந்த விளக்கை அணைத்துக் கீழே வைத்தார். அதிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"சில பேருக்கு மாசக்கணக்குல கொஞ்சம் தெளியும். உங்களுக்குத் திரும்பத் திரும்பப் பட்டதுல தழும்பாயிடுச்சு. நடுப் பார்வை வரும்னு நான் சொல்ல மாட்டேன். ஓரப் பார்வை இருக்கு, அதவெச்சி நடமாடலாம். இனிமே வெல்டிங் பக்கமே போகாதீங்க. வீட்ல இருந்து யாரையாவது கூட்டிட்டு வாங்க, நான் சொல்றேன்."

அவன் யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. ரேணுகா வந்தால் டாக்டரிடம் முதலில் கேட்கப்போவது கண் எப்படிப் போயிற்று என்றுதான். டாக்டருக்கு மறைக்க என்ன காரணம் இருக்கிறது? சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு அவள் தன் வலது கையை எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்தபோது காசிநாதனுக்குக் கண் போனதைவிட அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

விடுதி வேலையில் அவன் கடைசியாக வைத்த ஜாயிண்டுகளில் ஓட்டை இருந்தது. ரவிச்சந்திரன் விரலால் தடவிப் பார்த்தார். "காசி, இது நீ வெச்சதா?" என்றார். கண் விஷயத்தை அவரிடம் மட்டும் சொன்னான், காரணத்தைச் சொல்லவில்லை. அவர் கெட்டவர் இல்லை. துரத்தவில்லை. "குழாய் புடி, சாமான் ஏத்து எறக்கு. டார்ச்சத் தொடாத" என்றார். ஒரு காலத்தில் புதுப்பட்டினத்தில் எவர்சில்வர் என்றால் காசிநாதன் என்று பேர். இப்போது அவன் குழாயைப் பிடித்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பி நிற்க, மோகன் வெல்டிங் வைத்தான்.

மோகன் தலையில் இருந்தது காசிநாதனின் ஹெல்மெட். அவனே கொடுத்துவிட்டான். இனி தனக்கு எதற்கு? ஆனால் தினமும் சாயங்காலம் வாங்கிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனான். பை இல்லாமல் போனால் ரேணுகா கேட்பாள். காலையில் அவள் பட்டை இழுத்துக் கொடுப்பாள். வாங்கிக்கொண்டு கிளம்புவான். பஸ் நிறுத்தத்துக்கு முன்னால் பம்புசெட் ஓரம் நின்று, தோளில் கிடக்கும் துண்டை நனைத்து அந்தப் பட்டையைத் துடைப்பான். நடுவில் பார்த்தால் கறை மறைக்கும் என்பதால் முகத்தைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்து, விரலால் தடவித் தடவி, அந்த இரண்டு கடுகும் சுத்தமாகும்வரை துடைப்பான். மோகனுக்கு இரண்டு கண் இருக்கிறது. அந்த இரண்டும் இருக்க வேண்டும். துடைக்கிற ஒவ்வொரு நாளும் ரேணுகாவின் விரல் அடையாளத்தைத் துடைக்கிறோமே என்று அவனுக்கு நெஞ்சு வலித்தது. ஆனாலும் துடைத்தான்.

இந்த நாடகம் எத்தனை நாளைக்கு நடக்கும்? ரவிச்சந்திரன் தன் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க அந்தப் பக்கம் வந்தவர், காசிநாதன் வீட்டுக்கும் வந்தார். அவன் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். ரேணுகா காபி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு எழுந்திருக்கும்போது, "பாவம்மா காசி. பார்வ போனப்புறமும் ஒரு நாள் தவறாம வேலைக்கு வந்துட்றான்" என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போனார்.

காசிநாதன் திரும்பி வந்தபோது அவள் குழாயடியில் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். வெயில் சாயும் நேரம். வாளியில் துணி அப்படியே ஊறிக்கொண்டிருந்தது.

"மொதலாளி வந்துட்டுப் போனாரு" என்றாள்.

அவன் கையிலிருந்த பையைக் கீழே வைத்தான்.

"ஆசுபத்திரிக்குப் போனியா?"

"போனேன்."

"இன்னா சொன்னாங்க?"

"நடுவுல சுட்டுப்போச்சாம். வராதாம்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கத்தவில்லை. ரொம்பச் சின்னக் குரலில் கேட்டாள்:

"எப்டிய்யா? மாஸ்க் போட்டுக்கினுதான வேல செஞ்ச?"

"போட்டுக்கினுதான் செஞ்சேன்."

"அப்பறம் எப்டி?"

இந்தக் கேள்விக்கு அவன் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் பதில் தயார் செய்து வைத்திருந்தான். பேட்டரி தீர்ந்துபோச்சு, நான் கவனிக்கல. அதைச் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அவள் வாளிக்குள் கையை விட்டு அவன் துண்டை எடுத்து விரித்தாள். நனைந்தும் போகாத வெள்ளைத் திட்டுகள் துண்டு முழுக்க இருந்தன.

"நானும் தெனமும் பாத்துக்கினுதான் கீறேன். வேர்வையில நெத்தியத் தொடைக்கறேன்னு நெனச்சேன். உன் நெத்தியில நீ வெச்சிக்கறது ஒரு கீத்து. இவ்ளோ விபூதி எங்கேர்ந்து வந்துச்சி? மாஸ்க்ல நான் போட்டதத் தொடச்சியா?"

"தொடச்சேன்."

"எத்தினி நாளா?"

"ரொம்ப நாளா."

அவள் துண்டை மடியில் போட்டுக்கொண்டு அதையே பார்த்தாள். அவள் மனசு எந்த வழியில் போகிறது என்று காசிநாதனுக்கு நன்றாகத் தெரிந்தது.

"அதான்" என்றாள். "அதான் போச்சி. நான் படியேறிப் போயி கேட்டு வாங்கினு வந்து போட்டுக்கினே கீறேன், அவரு காப்பாத்துவாருன்னு. நீ தொடச்சித் தொடச்சி எறிஞ்சிருக்க. அப்பறம் எப்டிய்யா நிக்கும் கண்ணு?"

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். இல்லடி, தொடைக்காததாலதான் போச்சி. அது அவன் நாக்கு நுனிவரை வந்தது. அவனும் மனுஷன்தானே, கண்ணையும் கொடுத்துவிட்டுப் பழியையும் வாங்கிக்கொள்ள யாருக்கு இஷ்டம்? ஆனால் சொன்னால் அவளுக்கு இனி ஒரு விடியற்காலையும் விடியற்காலையாக இருக்காது. அவன் தட்டுத்தடுமாறி நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் செத்துச் செத்துப் பிழைப்பாள்.

"ஆமா ரேணு. நான் தொடச்சதாலதான் போச்சி" என்றான்.

அவள் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள். வெகுநேரம் அழுதாள். அவன் பக்கத்தில் குந்தினான். தொட்டால் தட்டிவிடுவாள் என்று தொடவில்லை. அழுகை கொஞ்சம் அடங்கியதும் அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"ஏன்யா தொடச்ச?"

இதற்கு அவன் பதில் யோசித்து வைத்திருக்கவில்லை. ரேணுகா காத்துக்கொண்டிருந்தாள்.

"பட்டறையில பசங்க சிரிச்சானுங்க" என்றான் காசிநாதன். "எனக்கு வெக்கமா இருந்துச்சி."

அவள் அதை நம்பினாள்.